புதுப்பாட்டும் ஆற்றுப்படையும்

பாட்டைப் பற்றி எழுதுவோர் பலர். பாடலாசிரியரின் சொல்லழகை ஆய்வோர் உளர். இசையமைப்பாளரின் பண்ணறிவை வியப்போர் உளர். பாடுவோரின் குரலினிமையில் தோய்வோர் உளர். ஆயின், ஒரு புதுப்பாட்டு நம் செவியை எவ்வழியாக வந்தடைகின்றது, அவ்வழி அப்பாட்டை என்ன செய்கின்றது, கேட்கும் நம்மை என்ன செய்கின்றது என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. நீரின் சுவையைப் பேசுவோர் அது பாய்ந்து வந்த வாய்க்காலை மறந்துவிடுகின்றனர். வாய்க்காலின் மண்ணும் நீரின் சுவையில் கலந்தே இருக்கும் அன்றோ?

தலைநகரில் வாழும் தமிழராகிய நமக்கு இவ்வினா வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சி அன்று. அலுவலகத்தில் இந்தியும் ஆங்கிலமும், கடைத்தெருவில் இந்தி, பிள்ளைகளின் பள்ளியில் அவ்விரண்டுமே என வாழும் குடும்பங்களில், தமிழ் பெரும்பாலும் பாட்டின் வடிவிலேயே இளையோரைச் சென்றடைகின்றது. தமிழில் ஒரு பக்கம் படிக்கத் தடுமாறும் பிள்ளை, தமிழ்ப் பாட்டு ஒன்றை எழுத்துப் பிசகாமல் பாடுவதை நம் வீடுகளில் காண்கின்றோம். அப்பிள்ளைக்குப் பாட்டே அகராதி, பாட்டே வரலாறு, பாட்டே ஊர். எனவே அப்பாட்டை அப்பிள்ளைக்குக் கொண்டுவந்து தருவது யார், எவ்வாறு தருகின்றார் என்னும் வினா நம் மொழியின் நாளையைப் பற்றிய வினாவும் ஆகின்றது.

அளவுகோல் ஒன்று

இதனை ஆராய நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனை வெளியே தேட வேண்டியதில்லை. நம் முன்னோர் ஒருவர் மற்றொருவர்க்கு வழிகாட்டுதலையே ஓர் இலக்கிய வகையாக ஆக்கி வைத்துள்ளனர். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகளே. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் கலைஞனைக் கண்டு, இன்ன வழியே செல்க, இன்ன வள்ளலைக் காண்க என்று கூறுவதே அதன் அமைப்பு என்பதைத் தமிழறிந்தோர் அனைவரும் அறிவர்.

அவ்வமைப்பை உற்று நோக்கின் நல்ல வழிகாட்டிக்குரிய நான்கு இயல்புகள் புலப்படும். முதலாவது, அவன் தான் சென்று கண்டவன். காணாததைச் சொல்பவன் அல்லன். இரண்டாவது, வழியை மறைக்காமல் சொல்பவன். மலைபடுகடாத்தில் பாதையின் அழகுகளோடு அதன் இடர்களும் சொல்லப்படுகின்றன. மூன்றாவது, சென்று சேரவேண்டியவனின் பெயரையும் குடியையும் நாட்டையும் தெளிவாகச் சொல்பவன். பெயரற்ற வள்ளல் எவனும் அங்கில்லை. நான்காவது, வழி சொல்லிவிட்டு விலகிக்கொள்பவன். கேட்டவன் தன் காலால் நடந்தே செல்ல வேண்டும். கண்டமை, வழியுரைத்தல், பெயருரைத்தல், விலகி நிற்றல் ஆகிய இந்நான்கையும் கொண்டு நமக்குப் புதுப்பாட்டைக் காட்டிய கருவிகளை எடைபோட்டுப் பார்ப்போம்.

வானொலியின் பண்பு

தொலைக்காட்சிக்கு முன்னோடி வானொலி. அதன் கதை ஒரு மறுப்பில் தொடங்குகின்றது. 1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் சுவையைக் கெடுக்கும் என்று கருதினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களின் குரல் ஒடுங்கியது. விளைவு என்ன? மக்கள் வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கையை நோக்கித் திருப்பினர். இலங்கை வானொலியில் 1952 இறுதியில் அமீன் சயானி தொடங்கிய பினாகா கீத்மாலா வடநாட்டை ஆட்கொண்டது. அதே இலங்கை வானொலியின் தமிழ்ப் பிரிவில் மயில்வாகனனும் பிற்காலத்தில் கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் உறவினர் ஆயினர். 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவிதபாரதி தொடங்கப்பெற்றபோது, சுவையை ஆணையால் திருத்த இயலாது என்பதை அரசே ஒப்புக்கொண்டதாயிற்று.

வானொலியின் தனிச்சிறப்பு அதன் அறிவிப்பில் இருந்தது. படம் இன்னது, இயற்றியவர் இன்னார், இசையமைத்தவர் இன்னார், பாடியவர் இன்னார் என்று சொல்லிய பின்னரே பாட்டு ஒலிக்கும். இந்த ஒழுங்கு தானாக வந்துவிடவில்லை. 1949இல் வெளிவந்த ‘மகல்’ என்னும் இந்திப் படத்தின் இசைத்தட்டில், பாடியவர் பெயராக அச்சிடப்பட்டிருந்தது கதைமாந்தரின் பெயராகிய காமினி என்பதே. அக்குரல் லதா மங்கேஷ்கருடையது. பாடியவர் யார் என்று கேட்டு நேயர்கள் வானொலிக்கு எழுதிய பின்னரே அப்பெயர் வெளிப்பட்டது என்பர். கேட்போரின் ஆவல்தான் கலைஞரின் பெயரை மீட்டது என்பதை நாம் நினைவில் இருத்த வேண்டும். பெயருரைத்தல் என்னும் மூன்றாம் இயல்பில் வானொலி ஏறத்தாழ முழு மதிப்பெண் பெறுகின்றது. பாட்டைத் தந்துவிட்டுக் காட்சியை நம் கற்பனைக்கு விட்டதால் நான்காம் இயல்பிலும் அது தாழ்ந்ததன்று.

படம் விழுங்கிய பாட்டு

தொலைக்காட்சி இந்நாட்டில் முதன்முதல் கால் வைத்ததே தில்லியில்தான். 1959 செப்டம்பர் 15ஆம் நாள் சோதனை முறையில் தொடங்கிய ஒளிபரப்பு, 1965இல் அன்றாட ஒளிபரப்பாயிற்று. சென்னைக்கு அது 1975இல்தான் சென்றது. 1982இல் தேசிய ஒளிபரப்பும் வண்ணமும் வந்தபின் தொலைக்காட்சிப் பெட்டி அரசுக் குடியிருப்புகளின் கூடங்களில் இடம்பெறலாயிற்று.

அக்காலத்தில் சிறுவராயிருந்த நமக்குப் புதுப்பாட்டு என்றால் ‘சித்ரஹார்’ என்றே பொருள். அரைமணி நேரத்தில் ஐந்தாறு இந்தித் திரைப்பாடல்கள். பெட்டி இல்லாத வீட்டார் பெட்டி உள்ள வீட்டிற்கு வந்து தரையில் அமர்வர். பஞ்சாபியரும் வங்காளியரும் கடுவாலியரும் தமிழரும் ஒரே பாயில் இருந்து ஒரே பாட்டைக் கேட்ட காலம் அது. சென்னைத் தொலைக்காட்சியில் வெள்ளிதோறும் வந்த ‘ஒளியும் ஒலியும்’ அன்று நம் கண்ணுக்கு எட்டவில்லை. கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்று திரும்புவோர் அதனைப் பற்றிச் சொல்லக் கேட்டு ஏங்கியதே மிச்சம். ஞாயிறு பிற்பகலில் தேசிய ஒளிபரப்பில் மாநிலமொழிப் படங்கள் முறைவைத்து வரும். தமிழின் முறை எப்பொழுது வரும் என்று காத்திருப்போம். வந்தால், விருது பெற்ற அப்படத்தில் பாட்டே இல்லாமலும் இருக்கும்!

1988 விடுதலைத் திருநாளில் தொடங்கி ஒளிபரப்பான தேசிய ஒருமைப்பாட்டுப் பாடலில் பாலமுரளி கிருஷ்ணா தமிழில் பாடிய சில நொடிகளுக்காகக் கண் இமைக்காமல் அமர்ந்திருந்த தமிழ்க் குடும்பங்கள் தில்லியில் எத்தனை! பல மொழிகளுக்கிடையே நம் மொழியும் ஒருமுறை தலைகாட்டி மறையும் அந்நொடி, அளவில் சிறிது, ஆறுதலில் பெரிது.

ஆயினும் திறனாய்வாளன் ஏக்கத்தின் வழியே மட்டும் எதனையும் எடைபோடலாகாது. சித்ரஹாரின் குறை யாது? அது பாட்டைக் காட்டியது, பாட்டைக் கேட்பிக்கவில்லை. முகமும் ஆடையும் மலையும் பனியும் கண்ணை நிறைக்கச் செவி இரண்டாமிடத்திற்குத் தள்ளப்பட்டது. ‘ராஜேஷ் கன்னாவின் பாட்டு’, ‘அமிதாப் பச்சனின் பாட்டு’ என்று நாம் பேசப் பழகியது இதனால்தான். பாடியவர் கிஷோர் குமார் என்பதாவது பலர் அறிந்தது. எழுதியவர் ஆனந்த் பக்ஷி என்பதை அறிந்தோர் சிலரே. படம் பாட்டை விழுங்கியது. நடிகர் கவிஞரை விழுங்கினார்.

இக்குறைக்கு மருந்தாக வந்தது கேசட்டு. எண்பதுகளில் மலிவான கேசட்டுகள் கடைக்குக் கடை குவிந்தன. கரோல்பாகில் தமிழ்க் கேசட்டுகளைத் தேடி வாங்கினோம். சிலர் வெற்றுக் கேசட்டைக் கடையில் கொடுத்து, வேண்டும் பாடல்களை ஒரு தாளில் எழுதிப் பதிவுசெய்து வாங்கினர். தொலைக்காட்சியில் கண்ட பாட்டைப் படமின்றிக் கேட்டபோதுதான் அதில் ஒரு வயலின் இருப்பதும், சரணத்தில் ஒரு சொல் இருமுறை வேறுவேறு பொருளில் வருவதும் தெரிந்தன. தொலைக்காட்சி அறிமுகம் செய்தது, கேசட்டு உறவாக்கியது. கண்ணில் பட்டதைச் செவி பின்னர் அமர்ந்து ஆய்ந்தது. இவ்விரண்டும் சேர்ந்து நடந்த அக்காலமே, நம் கருத்தில், புதுப்பாட்டை அறிந்துகொள்வதற்கு ஓரளவு முழுமையான காலம் எனலாம்.

தென்றல் வடக்கே வீசிய ஆண்டு

1992இல் மணிரத்னத்தின் ‘ரோஜா’ வெளிவந்தது. ஏ. ஆர். ரஹ்மானின் முதல் திரைப்படம் அது. இந்தியில் மொழிமாற்றப்பெற்ற அதன் பாடல்கள் தில்லியின் பேருந்துகளிலும் திருமண ஊர்வலங்களிலும் ஒலித்தன. அதுவரை தென்னாட்டு இசை என்றால் அடையும் தோசையும் போன்றதொரு வேடிக்கைப் பொருளாக எண்ணியிருந்த அண்டை வீட்டார், ‘இவர் உங்கள் ஊர்க்காரராமே!’ என்று நம்மிடம் வந்து கேட்கலாயினர். அக்கேள்வியில் இருந்த மதிப்பை நாம் இன்றும் மறக்கவில்லை.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. அவ்வாண்டுக்குரிய தேசிய விருதுகளில் இசைக்குரியது ரஹ்மானுக்கும், பாடல் புனைந்தமைக்குரியது வைரமுத்துவுக்கும் கிடைத்தன. ஆனால் வடக்கே பரவியவை பி. கே. மிஸ்ரா எழுதிய இந்திச் சொற்கள். மெட்டு எல்லை கடந்தது. தமிழ்ச் சொல் விந்தியத்திற்கு அப்பாலேயே நின்றுவிட்டது. அப்படத்தின் பெருவழக்குப் பெற்ற பெண்குரல் பாடலை இரு மொழியிலும் பாடியவர் மின்மினி. அக்குரலை அறியாதவர் இல்லை. அப்பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? பாட்டு பரவும் வேகத்திற்குப் பெயர் ஈடுகொடுக்க முடியாமற்போவதன் தொடக்கத்தை நாம் இங்கே காண்கின்றோம்.

1993 ஏப்ரல் 14ஆம் நாள் சன் தொலைக்காட்சி தொடங்கியது. செயற்கைக்கோள் வழியே தமிழ் தில்லி வீட்டுக் கூடத்திற்கு நேரே வந்தது. இனி ஞாயிற்றுக்கிழமை முறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏக்கம் தீர்ந்தது. ஆனால் பாய் சுருட்டப்பட்டது. பஞ்சாபியர் தம் வீட்டில் தம் மொழி. வங்காளியர் தம் வீட்டில் தம் மொழி. நாம் நம் வீட்டில் நம் மொழி. தேடி வந்த பேறு ஒன்று, உடனிருந்த பேறு ஒன்றை வாங்கிக்கொண்டு போயிற்று.

குரலைத் தேடும் மேடைகள்

இதன்பின் வந்தவை போட்டி நிகழ்ச்சிகள். தூர்தர்ஷனின் ‘மேரி ஆவாஸ் சுனோ’ 1996இல் தில்லியில் பிறந்த சுனிதி சௌகானை நாட்டிற்கு அறிமுகம் செய்தது. ஜீ தொலைக்காட்சியின் ‘ச ரி க ம’ மேடை ஷ்ரேயா கோஷலை அடையாளம் காட்டியது. 2002இல் ‘தேவதாஸ்’ படத்தில் பாடி விருது பெற்ற அவர், பின்னர்த் தமிழிலும் நாம் போற்றும் குரலானார். 2006இல் விஜய் தொலைக்காட்சி ‘சூப்பர் சிங்கர்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. அன்று முதல் நம் வார இறுதிகள் அதன் கைப்பட்டன.

இந்நிகழ்ச்சிகளைக் கண்ணீர் நாடகம் என்று எள்ளி ஒதுக்குவோர் உளர். நாம் அவ்வாறு ஒதுக்கோம். சிற்றூர்ப் பிள்ளைக்குக் குருவும் செல்வாக்கும் இன்றியே ஒரு மேடை கிடைத்தது சிறிய செய்தியன்று. ஆயினும் ஓர் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். இம்மேடைகள் கண்டெடுப்பவை புதிய குரல்களை; புதிய பாட்டுகளை அல்ல. குரல் புதிது, பாட்டோ முப்பதாண்டுக்கு முன் நாம் கேசட்டில் கேட்டது. நடுவர் போற்றுவதும் மூலத்தோடு எத்துணை ஒத்திருக்கின்றது என்பதையே. புதுப்பாட்டைக் கேட்கும் துணிவை வளர்க்க வேண்டிய மேடை, பழம்பாட்டின் நினைவை வருடும் மேடையாகச் சுருங்கிவிட்டது. நினைவை வருடுவது இனிதே. அதனால் செவி வளர்வதில்லை.

விதிவிலக்கும் உண்டு. 2018இல் அம்மேடையில் வென்ற செந்தில் கணேஷும் அவர் துணைவியார் ராஜலட்சுமியும் திரைப்பாட்டை நகலெடுக்க வந்தவர் அல்லர். தாம் ஊர் மேடைகளில் பாடிவந்த நாட்டுப்புறப் பாட்டைத் தம் குரலிலேயே கொண்டுவந்தனர். வயலும் வரப்பும் பேசும் மொழி குளிரூட்டிய அரங்கில் ஒலித்தபோது, நாம் கேட்டது உண்மையிலேயே நமக்குப் புதிது. பின்னர்த் திரைப்படமும் அவர்களைத் தேடிச் சென்றது. போட்டி மேடையும் ஆற்றுப்படையாக இயலும் என்பதற்கு இஃதொரு சான்று. அவ்வாறு ஆனது மேடையின் விதியால் அன்று. வந்தவர் தம் பாட்டை விட்டுக்கொடாமையால்.

உருவாகும் விதத்தைக் காட்டியவை

புதிய பாட்டைக் காட்டுவதில் நாம் முதலிடம் தருவது வேறொரு வகை நிகழ்ச்சிக்கு. 2008இல் பாகிஸ்தானில் தொடங்கிய கோக் ஸ்டுடியோ 2011இல் எம்டிவி வழியே இந்தியாவிற்கு வந்தது. 2023இல் தமிழுக்கும் வந்தது. இதில் கதைத்தலைவன் இல்லை; பனிமலை இல்லை. கேமரா காண்பது பாடுவோரின் கழுத்து நரம்பை, தோற்கருவியை அறையும் விரலை, கண்ணால் ஒருவர்க்கொருவர் தரும் குறிப்பை. பாட்டு உருவாகும் அறைக்குள்ளேயே நம்மை அழைத்துச் செல்வதால் படம் இங்கே பாட்டை விழுங்கவில்லை. பாட்டுக்கு விளக்கேந்தி நிற்கின்றது.

2011இல் அம்மேடையில் கைலாஷ் கேரோடு சேர்ந்து சின்னப்பொண்ணு தமிழில் பாடியதைத் தில்லியில் கண்டபோது நாம் பெற்ற உவகை தனித்தன்மை வாய்ந்தது. 2008இல் விஜய் ஆண்டனியின் இசையில் அவர் பாடிய துள்ளற்பாட்டைக் கேட்டு ஆடியவர் பலர். பாடியவரின் முகத்தை அறிந்தவர் சிலர். இங்கோ அவர் யார்க்கும் பின்குரல் அல்லர். தம் முகத்தோடும் தம் பெயரோடும் நடு மேடையில் நின்றார். இந்தி பேசும் இளைஞர்க்கான அலைவரிசையில், மொழிபெயர்க்கப்படாத தமிழ் தன் உரத்த குரலில் பேசியது. ரோஜாவின் காலத்தில் விந்தியத்திற்கு அப்பால் நின்ற தமிழ்ச் சொல் இப்பொழுது மலை தாண்டி வந்தது எனலாம். மறு ஆண்டு அதே அலைவரிசையில் சினேகா கான்வல்கர் ஊர் ஊராகச் சென்று, அங்குள்ள ஒலிகளைச் சேர்த்துப் பாட்டாக்கிய ‘சவுண்ட் டிரிப்பின்’ நிகழ்ச்சி, கண்டமை, வழியுரைத்தல் என்னும் முதலிரண்டு இயல்புகளையும் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றியது.

குறையில்லையா? உண்டு. குளிர்பானம் விற்கும் நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய மேடை அது. விற்பனைக்கு ஏற்றவாறு நாட்டுப்பாட்டின் சொரசொரப்பை இழைத்து மெருகிடும் போக்கு அதில் உண்டு. மண் ஒட்டிய கிழங்கைக் கழுவி, கண்ணாடித் தாள் சுற்றி விற்பது போன்றது அது. கழுவியதும் கிழங்கே, ஆயின் அது எந்த மண்ணில் விளைந்தது என்பதை நாம்தான் கேட்டறிய வேண்டும்.

செவிக்குள் ஒரு தனியறை

இனி, தனித்துக் கேட்டல். கேசட்டு போய்க் குறுந்தகடு வந்தது. அதுவும் போய்ப் பாட்டு கைப்பேசிக்குள் புகுந்தது. காலையில் மெட்ரோ வண்டியில் அலுவலகம் செல்லும் நம்மவருள் காதில் இயர்போன் இல்லாதவரைக் காண்பது அரிது. தோளோடு தோள் உரச நிற்கின்றோம். ஆளுக்கோர் உலகில் இருக்கின்றோம்.

தனித்துக் கேட்டல் தீதன்று. கூட்டத்தில் கேளாத நுட்பம் தனிமையில் கேட்கும். திரைப்படத்தையே சாராத பாட்டு, இதழ்கள் எழுதாத பாட்டு, சென்னைக் கானா, ஈழத்துப் புலம்பெயர்ந்தோரின் சொல்லிசை ஆகியவை நம்மை வந்தடைந்தது இவ்வழியாகத்தான். 2011 நவம்பரில் தனுஷ் பாடி, அனிருத் இசையமைத்த ஒரு பாட்டு இணையத்தில் வெளியாகி, அண்டை மாநிலத்தாரையும் அரைத்தமிழ் பேச வைத்ததை நாம் கண்டோம். எந்தத் தொலைக்காட்சியின் நேரப்பட்டியலும் அதற்குத் தேவைப்படவில்லை.

ஆனால் அங்கு வழிகாட்டுவது யார்? நாம் முன்பு கேட்டதையும், நம்மை ஒத்தவர் கேட்டதையும் கணக்கிட்டு, அடுத்த பாட்டை ஒரு பொறி எடுத்து நீட்டுகின்றது. நான்கு இயல்புகளையும் அதன்மேல் வைத்துப் பாருங்கள். அது தான் கேட்டதில்லை. அதற்குச் செவி இல்லை. ஏன் இப்பாட்டைத் தருகின்றேன் என்று வழியுரைப்பதில்லை. பெயர் உண்டு, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அது மூலையில் சிறு எழுத்தாய்க் கிடக்கும், எழுதியவர் பெயரைக் காணத் திரையை மேலும் இரண்டு மூன்று முறை தொட வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, அது விலகி நிற்பதே இல்லை. ஒரு பாட்டு முடியுமுன் அடுத்தது காத்திருக்கின்றது. சென்ற பாட்டை அசைபோட இடைவெளி இல்லை. இதனை ஆற்றுப்படை என்பதினும் ஆற்றோட்டம் என்பதே தகும். அதில் மிதப்பவன் எங்கும் சென்று சேர்வதில்லை.

பெயர் இழக்கும் பாட்டு

2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ என்னும் பாட்டு இவ்வுரையின் நடுப்புள்ளி. சந்தோஷ் நாராயணன் இசைப்பொறுப்பில், அறிவும் தீயும் பாடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் வாழ்விலிருந்து அதன் பொருளைப் பெற்றதாக அறிவு கூறியுள்ளார். உழுதவர்க்கே நிலமில்லாமற்போன கதை அது. நம் இல்லத்தில் பள்ளியிறுதி வகுப்பில் பயிலும் மகள், தமிழ் எழுத்தைக் கூட்டிக்கூட்டிப் படிப்பவள், அப்பாட்டை முழுதும் மனப்பாடமாய்ப் பாடினாள். ஆடினாள். பிறகு ஒருநாள், ‘அப்பா, இலங்கைக்கு நம்மவர்கள் ஏன் போனார்கள்? திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடு இருந்ததா?’ என்று கேட்டாள். நூலில் படித்திராத ஒரு நூற்றாண்டுத் துயரம் பாட்டின் வழியே அவளைத் தொட்டது. நாம் மலையகத் தமிழரைப் பற்றியும், 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட உடன்படிக்கையைப் பற்றியும் நமக்குத் தெரிந்த அளவு சொன்னோம். ஒரு பாட்டு செய்யக்கூடிய மிகப் பெரிய செயல் இதுவே என்று நாம் கருதுகின்றோம்.

அப்பாட்டுக்கு நேர்ந்தது என்ன? அவ்வாண்டு ஆகஸ்டில் இசையிதழான ரோலிங் ஸ்டோன் இந்தியா, அப்பாட்டைச் சுட்டிய தன் அட்டையில் தீயையும் ஷான் வின்சென்ட் டி பாலையும் இட்டது. சொல்லை எழுதி உடன்பாடிய அறிவின் முகம் அதில் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பிய பின்னர், அறிவைக் கொண்ட அட்டை ஒன்றும் வெளியிடப்பட்டது. தீயின் குரலிலும் குறையில்லை. ஷானின் திறத்திலும் குறையில்லை. வினா அதுவன்று. நிலம் பறிக்கப்பட்டவரின் பாட்டிலிருந்து எழுதியவரின் முகம் பறிபோகலாம் என்றால், காமினி என்று அச்சிட்ட 1949ஆம் ஆண்டிலிருந்து நாம் எத்தனை தொலைவு வந்துள்ளோம்?

பெயர் என்பது வெறும் புகழன்று. அது கூலியும் ஆகும். 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பெற்றது. திரைப்படத்திற்கு எழுதிக் கொடுத்த பாடலாசிரியரும் இசையமைப்பாளரும், அப்பாட்டு பிற வழிகளில் பயன்படுத்தப்படும்போது உரிமைத்தொகையில் பங்கு பெறுவதைச் சட்டம் உறுதிசெய்தது. கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் அதற்காகக் குரல் கொடுத்தார். கோப்புகளோடு காலங்கழிக்கும் நமக்கு ஒன்று தெரியும்: பெயர் பதிவாகாத இடத்தில் உரிமையும் பதிவாகாது. எழுதியவர் யார் என்று கேட்கும் நேயர், தம்மை அறியாமலே எழுதியவரின் அடுப்பெரிய உதவுகின்றார்.

இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலை மட்டும் பாடிவிட்டுச் செல்லவில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே இலக்கணம் வகுத்து, அரங்கின் அளவையும் சொன்ன பின்னரே மாதவியை மேடையேற்றுகின்றார். ஒரு கலை பலர் கைவேலை என்பதைத் தமிழ் அன்றே அறிந்திருந்தது. அவ்வறிவை இழந்து, முகம் ஒன்றையே பாட்டென்று கொள்வது நம் மரபுக்குப் பொருந்துவதன்று.

நாம் செய்யத்தக்கது

தொலைக்காட்சியை அணைப்பதோ கைப்பேசியை எறிவதோ வழியன்று. ஒவ்வொரு கருவியும் ஒன்றைத் தந்து ஒன்றைப் பறித்துள்ளது. வானொலி பெயரைத் தந்தது. சித்ரஹார் பாயைத் தந்து, கவிஞரை மறைத்தது. செயற்கைக்கோள் மொழியைத் தந்து, பாயைச் சுருட்டியது. போட்டி மேடை குரலைத் தந்து, புதுமையைத் தள்ளியது. கைப்பேசி உலகையே தந்து, உடன் கேட்போரை நீக்கியது. பறிபோனவற்றை நாமே கூட்டிக்கொள்வதுதான் செய்யத்தக்கது.

தொலைக்காட்சியில் ஒரு புதுப்பாட்டு மனத்தைத் தொட்டால், அதனைப் பின்னர்ப் படமின்றி ஒருமுறையேனும் கேட்போம். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் மூவரின் பெயரையும் பிள்ளைகளிடம் சொல்வோம். அவர்கள் தரும் பாட்டுக்கு அவர்களிடமே அப்பெயர்களைக் கேட்போம். பொறி நீட்டும் அடுத்த பாட்டை ஒரு நாழிகை நிறுத்தி, கேட்டதையே மீண்டும் கேட்போம். நம்மைப் போன்ற சங்கங்கள் ஆண்டுதோறும் நடத்தும் மெல்லிசை விழாக்களில் பழம்பாட்டுகளுக்கு நடுவே, அவ்வாண்டு வெளிவந்த பாட்டு இரண்டேனும் இடம்பெறட்டும். அதனை மேடையில் அறிவிப்பவர் ஓர் இளைஞராக இருக்கட்டும்; அதைத் தாம் எங்குக் கேட்டார், ஏன் விரும்பினார் என்று இரண்டு நிமிடம் தமிழில் சொல்லட்டும். அத்தமிழ் தடுமாறினாலும் தாழ்வில்லை. தான் கண்டதை, வழி கூறி, பெயர் கூறி, பிறர்க்கு உரைத்து விலகும் அவ்விளைஞரே நம் காலத்துப் பாணர்.

பொறிக்கு நம் சுவை தெரியும். நம் ஊர் தெரியாது. நம் பாட்டியர் எங்கிருந்து வந்தனர் என்பதும் தெரியாது. அதனை அறிந்த ஒருவர் மற்றொருவரிடம் ‘இதைக் கேட்டுப் பார்’ என்று சொல்வது இன்னும் நம் கையில்தான் உள்ளது.